விரலுக்கு வேலை: தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஏற்ற எளிய கைவினைகள்

முதியோர் நலன் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம் படிவம் 4, 5 மாணவர்களில் பலர் சத்துணவு, உடற்பயிற்சி, அன்பு என்று மூன்று பத்தி எழுதி முடித்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு பெரியவர்கூட கண்ணுக்குத் தெரிய மாட்டார். மாத்திரை அட்டையைப் பிரிக்க முடியாமல் பல்லால் கடிக்கும் பாட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொத்தான் போட வராததால் சட்டையையே விட்டுவிட்டு பனியனோடு இருக்கும் தாத்தாவையும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் நாளைக் கழிக்க முடியுமா என்பது காலை மட்டும் பொறுத்ததல்ல, இந்த விரல்களையும் பொறுத்தது. அந்த விரல்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நெகிரி செம்பிலானில் ரந்தாவைச் சுற்றியுள்ள லின்சம், கொம்போக் போன்ற தோட்டப் பகுதிகளையே எடுத்துக்கொள்வோம். இன்று அங்கே செம்பனைதான் அதிகம். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய நம் பெரியவர்களில் பலர் இளமையில் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு உளியும் வாளியுமாக ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். "படிக்கலை" என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். கை எவ்வளவு படித்திருக்கிறது என்று பாருங்கள்!

ஆனால் அது ஒரு வகைப் படிப்பு. ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1956இல் கைப்பிடியை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். உள்ளங்கையோடு சேர்த்து இறுகப் பற்றுவது வலுப்பிடி. கட்டைவிரல் நுனியும் மற்ற விரல்களின் நுனியும் சந்தித்துப் பிடிப்பது நுண்பிடி. உளி, மண்வெட்டி, வாளி எல்லாம் வலுப்பிடி. பொத்தான், ஊசி, மாத்திரை, சாவி எல்லாம் நுண்பிடி. ஓய்வு பெற்றுத் தாமான் வீட்டில் உட்கார்ந்த பிறகு தேவைப்படுவது இரண்டாவதுதான். அதற்குத்தான் வீட்டில் வேலையே இல்லாமல் போய்விடுகிறது. பூவைக் கட்டியே வாங்குகிறோம், திரியைப் பாக்கெட்டில் வாங்குகிறோம், பொத்தானை மருமகள் போட்டுவிடுகிறாள்.

இன்னொரு செய்தி மாணவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். விரல்களுக்குள் அவற்றை அசைக்கும் தசையே கிடையாது. அசைக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. பொம்மலாட்டக் கயிறுபோலத் தசைநாண்கள்தான் விரலை இழுக்கின்றன. இழுக்காமல் விட்டால் மூட்டு இறுகும், தசை மெலியும்.

கைவினையை மருத்துவத்தோடு சேர்ப்பது புதுசும் அல்ல. 1917இல் அமெரிக்காவில் செயல்வழிச் சிகிச்சைக்கென்று ஒரு சங்கமே தொடங்கப்பட்டது. முதல் உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்குக் கூடை முடைதலும் நெசவும் சிகிச்சையாகவே கொடுக்கப்பட்டன. அவர்கள் கூடையைத் தேடிப் போனார்கள். நம்மிடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

முதலில் பஞ்சுத் திரி. இதைவிட எளிய வேலை இல்லை. பஞ்சைப் பிய்த்து, விதை இருந்தால் எடுத்துவிட்டு, விரலில் கொஞ்சம் திருநீறு தொட்டுக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உருட்ட வேண்டும். வழுக்காமல் இருக்கத்தான் திருநீறு. கண் பார்வை மங்கியவரும் செய்யலாம். கார்த்திகை மாதத்தில் கோயிலுக்கு எத்தனை திரி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

அடுத்து பூக்கட்டுதல். இடக்கை காம்புகளைப் பிடித்திருக்க, வலக்கை நூலைச் சுற்றி, விரலில் ஒரு வளையம் போட்டு, பூவுக்குள் நுழைத்து இழுக்கிறது. இரண்டு கையும் வெவ்வேறு வேலை செய்வதால் இது விரலுக்கும் மூளைக்கும் சேர்த்துப் பயிற்சி. மல்லிகை விலை அதிகம் என்றால் வேலியோரத்து நந்தியாவட்டை போதும். மெல்லிய நூல் விரலை அறுக்கும், ஈரப்படுத்திய வாழைநார் மெத்தென்று இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது தென்னங்குருத்து வேலைதான். தோரணம் மடிப்பது, ஓலைக் கிளி, ஓலைப் பந்து, காற்றாடி. மலாய் அண்டை வீட்டாரோடு பழகிய நம் பெரியவர்கள் சிலருக்குக் கெத்துப்பாட் கூடும் பின்னத் தெரியும். ஓலையின் ஒரு சுற்று மேலே, ஒரு சுற்று கீழே என்று வரிசை தப்பாமல் போக வேண்டும். ஒன்று பிசகினால் கூடு நிற்காது. கை மறந்திருக்கும் என்று நினைப்போம். ஓலையைக் கையில் கொடுத்ததும் இரண்டு மூன்று தடவை தடுமாறிவிட்டு, "இரு இரு, இப்படித்தான்" என்று தானாகவே வந்துவிடும்.

செம்பனை ஈர்க்கில் விளக்குமாறு கட்டுவதை இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம். கத்தியால் ஓலையைச் சீவும் வேலை இளையவருக்கு. நீளம் பார்த்துப் பிரிப்பதும், நுனி தட்டிச் சேர்ப்பதும் பெரியவருக்கு. வயர் கூடை மட்டும் எல்லாருக்கும் சரிவராது. முடிச்சை இறுக்கி இழுக்கும்போது கட்டைவிரலின் அடிமூட்டில் பாரம் விழும். ஏற்கெனவே அங்கே வலி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கைவினை மூட்டுவாதத்தைக் குணப்படுத்தாது. 2015இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வொன்றில், முடக்குவாதம் உள்ள 490 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு கைப்பயிற்சியும் கொடுத்தார்கள். ஓர் ஆண்டுக்குப் பிறகு அவர்களுடைய கை மற்றவர்களுடையதைவிட நன்றாக இயங்கியது. அது பூக்கட்டுவதைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் வலிக்கிறது என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது மருந்து ஆகாது என்பது அதில் தெரிகிறது.

நம் வீடுகளில் இனிப்புநீர் உள்ளவர்கள் அதிகம் என்பதால் ஒரு சோதனையைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பெரியவரை வணக்கம் சொல்வதுபோல இரு கையையும் கூப்பச் சொல்லுங்கள். விரல்களும் உள்ளங்கையும் நன்றாக ஒட்டாமல் நடுவே இடைவெளி தெரிந்தால் மூட்டு இறுகியிருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். இவர்களுக்கு விரலில் உணர்ச்சியும் குறைந்திருக்கக்கூடும். ஊசி வேலை வேண்டாம். வேலைக்கு முன் கையை வெதுவெதுப்பான நீரில் வைப்பது நல்லது, ஆனால் அந்தச் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நேரம் பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு ஓய்வு. வேலை முடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி நின்றால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டு சிவந்து வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் செய்யவே கூடாது. திடீரென்று ஒரு கை மட்டும் வலுவிழந்தால் அது வயசுக் கோளாறு அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். உடனே 999.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர்களைப் பள்ளிக்கு அழைத்து, பாலர் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல வண்ணக் காகிதமும் பசையும் கொடுக்காதீர்கள். ஐந்நூறு மரம் வெட்டிய கைக்கு அது மரியாதை இல்லை. அவர்களை ஆசிரியராக உட்கார வையுங்கள். பள்ளிப் பொங்கலுக்குத் தோரணம் வேண்டும்தானே? மாணவர்கள் சுற்றி உட்கார்ந்து, "பாட்டி, இந்த மடிப்பு எப்படி?" என்று கேட்கட்டும். அப்போது விரலோடு வாயும் வேலை செய்யும்.

தேர்வு எழுதும் மாணவர்கள் அங்கே சொற்களையும் சேகரிக்கலாம். எல்லாவற்றுக்கும் 'செய்தல்' என்று எழுதாதீர்கள். பூவைத் தொடுக்கிறோம், மாலையைக் கட்டுகிறோம், பாயை முடைகிறோம், சடையைப் பின்னுகிறோம், கயிற்றைத் திரிக்கிறோம், பஞ்சை நூற்கிறோம், ஓலையைக் கிழிக்கிறோம், ஈர்க்கைச் சீவுகிறோம். ஒவ்வொன்றிலும் விரல் அசைவது வேறு மாதிரி. பாட்டி ஒன்றைச் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்த விரல் பிடிக்கிறது, எந்த விரல் தள்ளுகிறது என்று பார்த்து ஐந்து வாக்கியம் எழுதிப் பாருங்கள்.