கரும்பு தின்னக் கூலி!

"கரும்பு தின்னக் கூலியா?" என்று நாம் வேடிக்கையாகக் கேட்பதுண்டு. கரும்பையும் விலைக்கு வாங்கி, அதைத் தின்னக் கூலியும் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெருந்தீனிக்காரரை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். அவர் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் இருக்கிறார். பெயர், பெரம்பலூர் சர்க்கரை ஆலை. தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தைச் சேர்ந்த அரசுத் துறை ஆலை. கம்பெனியாகப் பதிவானது 1976-ல். நாள் ஒன்றுக்கு 3,000 டன் கரும்பு அரைக்கும் சக்தி உண்டு.

இவருடைய குடும்பக் கணக்கு சற்று விசித்திரமானது. வாங்கும் கரும்பின் விலையை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. விற்கும் சர்க்கரையின் விலையைச் சந்தை நிர்ணயிக்கிறது. இரண்டிலும் இவர் பேச்சு எடுபடாது. செலவில் பெரும்பங்கு கரும்புக்கே போய்விடுகிறது. மிஞ்சிய சொற்பத்தில்தான் சாமர்த்தியம் காட்ட வேண்டும். அங்கே கை தவறினால் விவசாயிக்குப் பணம் தாமதமாகும். தொழிலாளி வீட்டிலும் அது தெரியும்.

முதல் ஓட்டை எங்கே தெரியுமா? ஆலைக்கு வெளியே, வயலில்! கரும்பை வெட்டியதுமே அதிலுள்ள சர்க்கரை சிதையத் தொடங்குகிறது. வெயிலில் காய்ந்தால் இன்னும் வேகம். சிதைந்த சர்க்கரை மணியாகத் திரளாது, கழிவுப்பாகோடு போய்விடும். ஆகவே வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்பார்கள். நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்பதற்குச் 'சர்க்கரைக் கட்டுமானம்' என்று பெயர். அதில் 0.1 சதவிகிதம் குறைந்தால் என்ன பிரமாதம் என்று தோன்றுகிறதல்லவா? பென்சிலை எடுங்கள். 3,000 டன்னில் 0.1 சதவிகிதம் 3 டன். அதாவது 50 கிலோ மூட்டை அறுபது! மத்திய அரசு 2019 பிப்ரவரியில் விதித்த குறைந்தபட்ச விலையான கிலோ 31 ரூபாயில் கணக்கிட்டாலும் ஒரு நாளைக்கு 93,000 ரூபாய். யார்டில் வண்டிகள் வரிசையாக நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் அந்த வரிசையில் பணம் காய்ந்துகொண்டிருக்கிறது. வெட்டு உத்தரவு கொடுக்கிறவர், நாளை எத்தனை வண்டி அரைபடும் என்று இன்றே கணக்குப் போட்டாக வேண்டும். சோகையும் வேரும் மண்ணும் கலந்து வந்தாலோ, அவற்றையும் சேர்த்து அரைத்து, சர்க்கரையைச் சக்கையிடம் பறிகொடுக்க வேண்டியதுதான்.

அடுத்தது அடுப்பு. கரும்பு எடையில் ஏறக்குறைய 30 சதவிகிதம் சக்கை. அதுதான் கொதிகலனுக்கு விறகு. சிக்கனமாக எரித்தால் வெளியிலிருந்து எரிபொருள் வாங்கவே வேண்டாம், மிச்சமும் விழும். கரூர் அருகே புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை சக்கையிலிருந்துதான் காகிதம் செய்கிறது. ஒரு காலத்தில் கரும்பாக நின்றதைத்தான் நீங்கள் எப்போதாவது புரட்டியிருப்பீர்கள்! ஆனால் ஆலையில் சரியாகப் பிழியாமல் சக்கை ஈரமாக வந்தால், அந்த ஈரத்தை உலர்த்தவே கொஞ்சம் சூடு வீணாய்ப் போய்விடும். ஈர விறகோடு மல்லாடிய பெண்மணிகளுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சாற்றில் பெரும்பகுதி தண்ணீர். அதையெல்லாம் ஆவியாக்க எவ்வளவு நெருப்பு வேண்டும்! இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1806-ல் பிறந்த நார்பர்ட் ரில்லியூ. தாய்வழியில் ஆப்பிரிக்க வம்சத்தவர், பாரிஸில் படித்தவர். முதல் பாத்திரத்தில் சாறு கொதித்து எழும் ஆவியை வீணாக்காமல், அதைக் கொண்டே இரண்டாவது பாத்திரத்தைச் சூடாக்கினார். அதன் ஆவியால் மூன்றாவதை. பின்னால் வரும் பாத்திரங்களில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1843-ல் காப்புரிமை பெற்றார். ஒருமுறை செலவழித்த சூடு மூன்று நான்கு முறை வேலை செய்கிறது. இன்றும் சர்க்கரை ஆலைகளில் நடப்பது இதுதான். ஆனால் குழாய்களுக்குள் உப்பு படிந்துவிட்டால் ரில்லியூவே வந்தாலும் ஒன்றும் நடக்காது. நேரத்தில் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இனி, இயந்திரம் நின்றுபோகும் மணிகள். முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 125 டன். ஒரு தேய்ந்த பேரிங் உடைந்து நான்கு மணி நேரம் நின்றால் 500 டன் கரும்பு வெளியே காயும். கொதிகலன் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். சம்பளமும் வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். அதே பேரிங்கை அரவை இல்லாத மாதங்களில் மாற்றியிருந்தால் அதன் விலையோடு போயிருக்கும்.

ஆலை எதனால், எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதிவைப்பது வழக்கம். அதில் கோளாறு என்று எழுதியிருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். "கரும்பு இல்லை" என்று எழுதியிருந்தால் யாரைக் கூப்பிடுவது? கரும்பு விளையப் பத்துப் பன்னிரண்டு மாதங்கள் ஆகுமே! கரும்பு குறைந்தால் அதே சம்பளம், அதே வட்டி, குறைந்த மூட்டைகளின் தலையில் விழும். அந்தச் செலவைத் தடுக்க வேண்டியவர் சென்ற வருஷமே சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ கிராமம் கிராமமாகப் போய், விவசாயிகளிடம் கரணை நடச் சொல்லிப் பதிவு செய்திருக்க வேண்டும். அவர்களோ, போன பருவத்துப் பணம் கைக்கு வந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.