சுரங்கம் நின்றது, கோயில் மணி நிற்கவில்லை

வேலையோடு ஊரின் அடையாளமும் போன கோலார் தங்கவயலில், கிறிஸ்தவக் குடும்பங்கள் வாழ்வின் பொருளைத் தேடுமிடம் எது?

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சுரங்க வேலை முடிந்தது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் தொடங்கிய தொழில் அது. 120 ஆண்டுகளில் மண்ணுக்கு மேலே வந்த தங்கம் ஏறத்தாழ 800 டன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. மூடும்போது எஞ்சியிருந்த தொழிலாளர்கள் மூவாயிரத்துக்கும் அதிகம். அவர்கள் இழந்தது சம்பளத்தை மட்டும்தானா?

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்றொரு ஆலை ஊர். ஆலை மூடப்பட்டபின் அவ்வூரை ஆராய்ந்து 1933-இல் வெளியான நூல் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தது. கையில் நேரம் மிகுந்தபோது நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்தார்கள். ஆண்களின் நடையே தளர்ந்தது. வேலை போனால் நாளுக்கும் வாரத்துக்கும் இருந்த வடிவம் போய்விடுகிறது.

தங்கவயலிலும் ஷிப்டுதான் காலத்தை அளந்தது. இன்று அதை அளப்பது பெங்களூர் ரயில். மாரிகுப்பத்தில் விடியுமுன் ஏறி, இருட்டியபின் திரும்பும் பிழைப்பு. இந்த ஓட்டத்தில் வாரத்துக்கு ஒரு மையம் தருவது ஞாயிறு. சாம்பியன் ரீஃப் வெற்றி மாதா ஆலயம் தொடங்கி சிறிய ஜெபக்கூடங்கள் வரை, ஊர் ஒன்றாகக் கூடும் நாள் அது. கிறிஸ்துமஸ் இங்கே ஊர்த் திருவிழா.

எண்ணும் பெயரும்

இந்தப் பிடிப்பின் வேர் பழையது. வட ஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஊரில் சாதிக் கொடுமை. இங்கே 60 டிகிரியையும் தாண்டிய பாறைச் சூடு, திடீரென வெடிக்கும் பாறை, நுரையீரலில் படியும் சிலிகா தூசி. தங்களைக் கைரேகையால் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்து 1930-இல் அவர்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிக்கு ரேகையாகத் தெரிந்த மனிதனை, ஞானஸ்நானப் பதிவேடு பெயரால் அறிந்தது. அவன் வெட்டிய பாறையில் ஒரு டன்னுக்குக் கிராம் அளவில்தான் தங்கம் கிடைத்தது. கம்பெனி அவனை மதித்தது அந்தக் கணக்கில்தான். உழைப்புக்கு முன்பே மனிதனுக்கு மதிப்பு உண்டு, தச்சன் வீட்டில் வளர்ந்து குற்றவாளியாகக் கொல்லப்பட்டவரே ஆண்டவர் என்ற போதனை, அவனுக்கு வெறும் தத்துவமாக இருந்திருக்க முடியாது.

சுயமரியாதைக்கு அது ஒன்றே வழியாகவும் இருக்கவில்லை. அயோத்திதாசரின் பௌத்தம் மாரிகுப்பத்தில் வலுவாக வேரூன்றியது. சாம்பியன் ரீஃப்பில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளை வெளியிட்டது. சமத்துவம் பேசிய சபைகளுக்குள்ளும் சாதி நுழைந்ததை மறைப்பதற்கில்லை.

விசுவாசத்தால் ஆகாதவை பல. சிலிகா அரித்த நுரையீரலை அது மாற்றாது; நிலுவைத் தொகையையோ குடியிருக்கும் வீட்டின் பட்டாவையோ வாங்கித் தராது. அதற்கு மனுவும் வழக்கும் போராட்டமும் வேண்டும். ஜெபித்தால் எல்லாம் கிடைக்கும் என்று வாக்களிக்கும் போதகம், கிடைக்காதவனை இருமுறை தோற்கடிக்கிறது. துன்பத்துக்கு விடை தருவதாகச் சொல்லாமல், துன்பப்படுகிறவனைத் தனியே விடாமலிருக்கும் சபைதான் நிலைக்கிறது. நோயாளியின் திண்ணையில் உட்கார்ந்து ஜெபிக்கும் நாலு பேர், சாவு வீட்டில் அடக்கம் முடியும்வரை நிற்கும் பத்துப் பேர் - அர்த்தம் என்பது பெரும்பாலும் இவ்வளவு எளிய விஷயம்.

நவம்பர் 2, கத்தோலிக்கருக்குக் கல்லறைத் திருநாள். புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும் நாள். சுரங்கத்தில் உழைத்துத் தேய்ந்தவர்களின் பெயர்களைப் பேரப்பிள்ளைகள் அன்று வாய்விட்டுப் படிக்கிறார்கள்.