பழைய கணிப்பொறியும் லினக்ஸும்

மாணவர்களே, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு வேண்டிய டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி என் வீட்டுப் பழைய கணிப்பொறியில் இல்லை. நன்றாக ஓடும் பொறியைக் குப்பையில் எறிய எனக்கு மனம் வரவில்லை. லினக்ஸுக்கு மாறத் துணிந்தேன். 1991இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி வைத்தது அது, விலையின்றிக் கிடைப்பது. கடிதம் எழுத லிப்ரே ஆபீஸும், இணையத்தில் படிக்கப் பயர்பாக்ஸும் எனக்குப் போதுமானவை.

என் பேரனின் கவலையோ வேறு. “தாத்தா, என் விளையாட்டெல்லாம் ஓடுமா?” என்றான்.

விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டு, திரையில் படம் வரைவதற்கும் விண்டோஸ் அறிந்த முறையிலேயே ஏவல் இடுகிறது. 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான் அந்த ஏவல்களை லினக்ஸ் அறியும் ஏவல்களாக உடனுக்குடன் மாற்றித் தருகிறது. இருவர் பேச்சின் நடுவே துபாஷி நிற்பது போன்றதே இது. பேரனின் விளையாட்டுகளுள் பெரும்பாலானவை ஓடின. ஆனால் வேலோரண்ட் போன்ற சில போட்டி விளையாட்டுகள் ஓடா. ஏமாற்றுவோரைப் பிடிக்க அவற்றில் வைத்துள்ள காவல் மென்பொருள் விண்டோஸின் அடித்தளத்திலேயே அமர்ந்து வேலை செய்வது. துபாஷிக்கு அங்கே இடமில்லை. நண்பர்களோடு ஆடும் ஆட்டம் ஒன்று அவ்வகையில் போயிற்று. பையன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவனை முன்பே கேட்டிருக்க வேண்டும். லினக்ஸை நிறுவாமலே யுஎஸ்பி கோலிலிருந்து ஓட்டிப் பார்க்க வழியுண்டு. கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்த பின்னரே நிறுவுதல் நன்று.