பேட்டரியைக் கெடுப்பது ராத்திரி சார்ஜா, பகல் வெயிலா?

ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி, தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் பைக்குகளைப் பாருங்கள். ஹேண்டில்பாரில் போன். அதில் மேப் ஓடும், வண்டியிலிருந்தே சார்ஜும் ஏறும். மேலே வெயில். 'ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டா பேட்டரி போயிடும்' என்று பயப்படுபவர்கள்கூட இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால், பேட்டரிக்கு அதிக சேதம் இங்கேதான்.

போனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. ஓசூரில் ஏதரும் போச்சம்பள்ளியில் ஓலாவும் தயாரிக்கும் மின்சார ஸ்கூட்டர்களிலும் இதே வகைதான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் முனைக்குப் போகும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். கிராஃபைட் மேல் இருக்கும் மெல்லிய படலம் நாளடைவில் தடித்து, கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிக்கிய லித்தியம் திரும்பாது. பேட்டரி 'வயசாவது' பெரும்பாலும் இப்படித்தான்.

சூடு இதை வேகப்படுத்தும். 100 சதவீதத்திலேயே நிற்பதும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். கிருஷ்ணகிரியின் கோடை நிழலிலேயே இதைத் தாண்டும். வெயிலில் ஸ்கிரீன் தானாக மங்கினால், போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது என்று அர்த்தம்.

சரி, ராத்திரி சார்ஜ்? நிரம்பியதும் சார்ஜை நிறுத்தும் கட்டுப்பாடு போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால், விடியும்வரை 100-லேயே நிற்பதுதான் பிரச்சினை. அதற்காகவே 2019-ல் வந்த ஐஓஎஸ் 13, உங்கள் வழக்கத்தைக் கவனித்து, 80 சதவீதத்தில் காத்திருந்து, நீங்கள் எழும் நேரத்தையொட்டி மீதியை ஏற்றும். சிப்காட்டில் அடிக்கடி ஷிஃப்ட் மாறுகிறவர்களின் தூக்கத்தை எந்த போன் கணிக்கும்? அவர்கள் 80 சதவீத லிமிட்டை நிரந்தரமாக வைத்துவிடலாம். ஐபோன் 15 முதல் இது உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் பேட்டரி செட்டிங்ஸில் இருக்கிறது. தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

'ஜீரோ ஆன பிறகுதான் சார்ஜ் போடணும்' என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. இன்று 50, நாளை 50 சதவீதம் செலவழித்தால் சேர்த்து ஒரே சைக்கிள்தான். ஐபோன் 14 வரை 500 சைக்கிளுக்குப் பிறகும், ஐபோன் 15-ல் 1,000 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருக்கும் என்பது ஆப்பிளின் கணக்கு. அது சரியான சூழலில் பயன்படுத்தினால் மட்டும்.

ஆபீஸ் போனதும் போன் கொதித்தால், கவரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, அப்புறம் சார்ஜரில் போடுங்கள்.