காவல் துப்பாக்கியில் கெடுவது எது?

தேன்கனிக்கோட்டை வட்டத்தில் கேழ்வரகு முற்றும் நாட்களில் காட்டோரக் கொல்லைகளில் இரவுக் காவல் ஓய்வதில்லை. பயிர்க் காவலுக்கென, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த உரிமம் வைத்திருக்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை சில.

முதலில் கெடுவது நிப்பிள். அதாவது கேப் மாட்டும் சிறு குழல். கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துத் துளையை அடைக்கும், துருவும் ஏறும். பெரும்பாலும் கழுவச் சோம்புவதே காரணம். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசினால் பாதித் தொல்லை தீரும். அடுத்தது சுத்தியல் ஸ்பிரிங். அது தளர்ந்தால் கேப் வெடிக்காது.

கேப் வெடித்தும் மருந்து பற்றவில்லையா? குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடியே ஒரு நிமிடமாவது பொறுங்கள். உடனே வாயில் எட்டிப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து.

மாற்றுக்கு நிப்பிள் இரண்டு, ஸ்பிரிங் ஒன்று போதும். உதிரி பாகமும் சட்டத்தின் கண்ணில் ஆயுதமே. ஆகவே உரிமத்தைக் காட்டி, உரிமம் பெற்ற கடையிலேயே வாங்குங்கள். பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். கூலி குறைவென்று கொல்லன் பட்டறைக்குக் கொண்டு போகாதீர்கள். யானை, மான் மீது சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

உரிமமில்லாத பழைய துப்பாக்கி வீட்டில் கிடந்தால், அதற்கு ஸ்பிரிங் தேட வேண்டாம். காவல் நிலையத்தில் ஒப்படைத்து விடுங்கள்.