கிருமியைத் தட்டிப் பார்க்கும் ஒளி

சந்தையில் மண்பானை வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்த்தே வாங்குவர். கணீரென்று ஒலித்தால் பானை நல்லது. ஓசை மழுங்கினால் எங்கோ கீறல் உண்டு. பானையை உடைக்காமலேயே அதன் நிலையை அறிந்துகொள்ளும் இந்த எளிய உபாயம், கண்ணுக்குப் புலப்படாத நோய்க்கிருமிகளை ஆராய்வதற்கும் இன்று கைகொடுக்கிறது. அங்கே தட்டும் விரலாக ஒளி அமைகிறது. ஒலிக்கும் பானையாகக் கிருமியின் உடலிலுள்ள மூலக்கூறுகள் அமைகின்றன. இது எவ்வாறு இயலும் என்பதையும், இதனால் மக்களுக்கு விளையக்கூடிய நன்மை யாது என்பதையும் காண்போம்.

முதலில் இதன் தேவையை உணர்தல் வேண்டும். ஒருவருடைய குருதியில் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர் புகுந்து கடுங்காய்ச்சல் கண்டிருக்கிறது என்று கொள்வோம். எந்த மருந்து அக்கிருமியை அழிக்கும் என அறிய, ஆய்வுக்கூடத்தில் அதனை வளர்த்து, பின்னர்ப் பல மருந்துகளை அதன்மீது இட்டுச் சோதிக்கின்றனர். இதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்கள் ஆகின்றன. நோயாளியோ அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே மருத்துவர் தம் அனுபவத்தைக் கொண்டு ஒரு மருந்தைத் தேர்ந்து அன்றே கொடுக்க வேண்டியவராகிறார். அம்மருந்து பொருந்தாவிடில் நோய் முற்றும். அதுவன்றி, அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் மட்டும் பிழைத்துப் பெருகவும் வழி ஏற்படும்.

இந்த அபாயம் புதிதாக உணரப்பட்டதன்று. 1928-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, மருந்தைக் குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடும் என எச்சரித்தார். அவருடைய அச்சம் மெய்யாயிற்று. மிக வலிமை வாய்ந்த கார்பபெனம் வகை மருந்துகளையும் சிதைக்கவல்ல என்.டி.எம்.-1 என்னும் நொதியைக் கொண்ட கிருமிகள் நம் சென்னையிலும் காணப்பட்டதை, 2010-இல் வெளியான ஓர் ஆய்வு உலகுக்கு அறிவித்தது. இந்நிலையில் சரியான மருந்தை விரைவில் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்று இன்றியமையாததாகிறது.

அதற்கு உதவக்கூடிய தத்துவமும் அதே 1928-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், கல்கத்தாவிலுள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு ஒளிச்சிதறலில் ஒரு புதுமையைக் கண்டார். அதுவே ‘இராமன் விளைவு’ என்று பெயர் பெற்று, 1930-இல் அவருக்கு நோபெல் பரிசை ஈட்டித் தந்தது.

அண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்படும்போது, தொலைவிலுள்ள சிற்றூர்களில் வாழ்வோரும் ஒளியைக் கண்டே அச்செய்தியை அறிகின்றனர். விளக்கு எரிகிறது என்ற செய்தியை மட்டுமன்றித் தான் பட்டு வந்த பொருளைப் பற்றிய செய்தியையும் ஒளி ஏந்தி வரக்கூடும் என்பதே இராமன் காட்டிய உண்மை. மூலக்கூறிலுள்ள அணுக்கள் அசையாப் பொருள்கள் அல்ல; அவை வீணைத் தந்திபோல ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒரே நிறமுடைய ஒளி அவற்றின்மீது விழும்போது, பெரும்பகுதி நிறம் மாறாமலே சிதறுகிறது. மிகச் சிறு பகுதி மட்டும், ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று என்ற அளவில், அதிர்வுக்குத் தன் ஆற்றலில் சிறிது கொடுத்தோ, அதிர்விலிருந்து சிறிது பெற்றோ, நிறம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றத்தின் அளவு மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். மாறிய ஒளியைப் பிரித்து வரைந்தால் மேடு பள்ளங்கள் கொண்ட ஒரு நிறமாலை கிடைக்கும். ஓசையைக் கேட்டே இது வீணை, இது மிருதங்கம் என்று சொல்வதுபோல், நிறமாலையைக் கண்டே இது இன்ன பொருள் என்று சொல்லிவிடலாம். வீணையின் அதிர்வையும் மிருதங்கத்தின் நாதத்தையும் இராமன் முன்னரே ஆராய்ந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இராமன் தொடக்கத்தில் சூரிய ஒளியையே பயன்படுத்தினார். 1960-இல் லேசர் என்னும் கூரிய ஒளி பிறந்த பின்னர் இம்முறை பெருவளர்ச்சி பெற்றது. நுண்ணோக்கியின் வழியே லேசர்க் கதிரை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குவிக்கலாம். பாக்டீரியாவின் பருமனும் ஏறத்தாழ அதுவே. ஆதலின் ஒரே ஒரு கிருமியின்மீது ஒளியைச் செலுத்தி, அதன் புரதம், கொழுப்பு, மரபுப் பொருளான டி.என்.ஏ. ஆகியவற்றின் அடையாளங்களைப் பெற முடிகிறது.

மருந்து பட்டபின் இந்த அடையாளங்கள் மாறுகின்றன. பெனிசிலின் கிருமியின் மேற்சுவர் உருவாவதைத் தடுக்கிறது, சிப்ரோபிளாக்சசின் டி.என்.ஏ.வின் பணியைக் குலைக்கிறது. எந்த உறுப்பு தாக்கப்படுகிறதோ, அதற்கேற்ப நிறமாலையின் மேடுகள் உயர்ந்தும் தாழ்ந்தும் தோன்றுகின்றன.

இதனினும் நுட்பமான முறை ஒன்றுண்டு. சாதாரண நீருக்குப் பதிலாக, கன ஹைட்ரஜன் அடங்கிய கன நீரைச் சிறிதளவு கிருமிகளுக்கு அளிக்கின்றனர். உயிர்ப்புடன் இயங்கும் கிருமி அந்தக் கன ஹைட்ரஜனை ஏற்றுத் தன் உடற்பொருளில் சேர்த்துக்கொள்ளும். அப்போது நிறமாலையில், வழக்கமாக எந்த ஒலியும் எழாத ஊமைப் பகுதி ஒன்றில், புதிய மேடு தோன்றும். மருந்திட்ட பின்னும் அம்மேடு தோன்றினால் கிருமி மருந்தை வென்றுவிட்டது என்று பொருள். தோன்றாவிடில் மருந்து வென்றது. கிருமி பெருகும்வரை காத்திராமல், அது உண்கிறதா என்பதையே பார்ப்பதால், சோதனைகளில் ஓரிரு மணி நேரத்திலேயே விடை கிடைத்திருக்கிறது.

2019-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், நோய் விளைக்கும் 30 வகை நுண்ணுயிர்களின் இராமன் நிறமாலைகளைக் கணிப்பொறிக்குப் பயிற்றுவித்தனர். எந்த நுண்ணுயிர் என்பதை அது 100-க்கு 82-க்கும் மேலாகச் சரியாகச் சொன்னது. எந்த மருந்து ஏற்றது என்பதையோ 100-க்கு 97 அளவில் சரியாகச் சொன்னது. ஒரே மருந்துக்கு அடங்கும் இரு கிருமிகளை மாற்றிச் சொன்னாலும் சிகிச்சை தவறுவதில்லை அன்றோ? அதனாலேயே இரண்டாம் எண் உயர்ந்து நிற்கிறது.

எனினும் இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நிற்கிறது. இராமன் ஒளி மிக மெல்லியது. குருதியிலுள்ள பிற பொருள்கள் தாமும் ஒளிர்ந்து அதனை மறைத்துவிடுகின்றன. குருதியில் அருகிக் கிடக்கும் கிருமிகளைப் பிரித்தெடுப்பதும் எளிதன்று. வெள்ளி, பொன் நுண்துகள்களின் அருகில் இவ்வொளி பன்மடங்கு வலுப்பெறுவதைப் பயன்படுத்தி, இக்குறைகளைப் போக்க விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். கருவியின் விலையும் குறைந்தாலன்றி மாவட்ட மருத்துவமனைகளுக்கு இது வந்து சேராது.

மாணவர்களே, இந்தத் தடைகளைக் கடப்பதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகிய நான்கும் ஒருங்கே தேவைப்படுகின்றன. உங்களுள் சிலர் இப்பணியில் ஈடுபடக்கூடும். ஆனால் கருவி வரும்வரை இப்போதுள்ள மருந்துகளின் ஆற்றலைக் காப்பது நம் அனைவரின் கடமை. சில முக்கிய மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்றதைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. சளி, இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவன. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அவற்றுக்குப் பயன்படாது. வீட்டில் மிஞ்சிய மாத்திரையைத் தாமாக உண்பதும், பிறருக்குக் கொடுப்பதும், மருத்துவர் குறித்த நாட்களுக்கு முன்பே நிறுத்துவதும் கூடாது. எந்த மருந்து பலிக்கும் என்பதை ஒளி ஒரு மணி நேரத்தில் சொல்லும் நாள் வரும்போது, பலிக்கும் மருந்து ஒன்றேனும் நம் கையில் மிஞ்சியிருத்தல் வேண்டும்.