வாங்காமல் குறித்து வைப்பது ஏன்?

இணையக் கடையில் ஒரு பொருளின் படத்தருகே இருக்கும் இதயக் குறியைத் தொட்டால், அந்தப் பொருள் பார்ப்பவரின் கணக்கில் தனியாகச் சேர்கிறது. இதுவே விருப்பப் பட்டியல்; பேச்சில் ‘விஷ்லிஸ்ட்’. யார், எந்தப் பொருளை, எப்போது குறித்தார் என்ற சிறு பதிவு கடையின் கணினியில் விழுவதைத் தவிர வேறெதுவும் நடப்பதில்லை. பணம் கைமாறாது, பொருளும் ஒதுக்கப்படாது. திருநெல்வேலி டவுனில் ‘எடுத்து வைங்க, சாயந்தரம் வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனால், தெரிந்த கடைக்காரர் பொருளையே எடுத்து வைப்பார். இணையக் கடை குறிப்பை மட்டுமே வைத்துக்கொள்கிறது.

விலை நிலையாக இருப்பதே இந்தப் பழக்கத்துக்கு முதல் காரணம். 1995-இல் ஏலத் தளமாகத் தொடங்கிய ஈபே, 2000-இல் உடனே வாங்கும் நிலைவிலை முறையையும் சேர்த்தது. ஏலத்துக்கு முடியும் நேரம் உண்டு. தயங்கினால் பொருள் போய்விடும். நிலைவிலைப் பொருளுக்கு அந்தக் கெடு இல்லை. இன்றைய விலையே நாளையும் இருக்கும் என்று தோன்றும்போது, பொறுத்திருப்பதால் இழப்பு ஏதும் தெரிவதில்லை.

காய்கறிச் சந்தையில் விலை கட்டாவிட்டால் பேரம் பேசலாம். இரண்டடி நடந்தால் வியாபாரியே கூப்பிடுவார். நிலைவிலைத் திரையில் பேச ஆளில்லை. வாங்குபவர் கையில் மிஞ்சும் ஒரே பேரம் காத்திருப்பதுதான். தமிழ்நாட்டில் இது புதிதன்று. ஆடித் தள்ளுபடிக்காக ஆனியில் துணி எடுப்பதைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி வழங்கப்படுவது பலரும் அறிந்தது. இணைய வணிகமும் அதே நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டது: பிளிப்கார்ட் தன் முதல் பெருந்தள்ளுபடி விற்பனையை 2014 அக்டோபர் 6 அன்று நடத்தியது. விலை இறங்கும் என்று வாங்குபவர் எதிர்பார்த்தால், நீடித்து உழைக்கும் பொருளை இன்றைய விலைக்கு விற்பது கடினம் என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1972-இல் விளக்கினார்.

இரண்டாவது காரணம் ஒப்பிட்டுப் பார்ப்பது. சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையின் பாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோரையைக் கீறி, நீரில் ஊறவைத்து, பருத்தி நூல் பாவில் நெய்யப்படும் இந்தப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. கோரையை எவ்வளவு மெல்லியதாகக் கீறுகிறார்களோ அவ்வளவுக்கு வேலையும் விலையும் கூடும். துணிபோல மடிக்கத்தக்க ‘பட்டுப் பாய்’ சாதாரணப் பாயைவிடப் பல மடங்கு விலையுள்ளது. கையால் தடவினால் உடனே தெரியும் இந்த வேறுபாடு படத்தில் எளிதில் தெரியாது. எனவே நான்கைந்தைக் குறித்து வைத்து, அளவையும் நெசவையும் பிறர் கருத்தையும் ஒப்பிடுகிறார்கள். தகவல் தேடுவதற்கும் ஒரு செலவு உண்டு என்று ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-இல் எழுதினார். ஒருமுறை தேடிக் கண்டதை மறுபடி தேடும் செலவை விருப்பப் பட்டியல் மிச்சப்படுத்துகிறது.

மூன்றாவது, வாங்கும் வேளை. சம்பளம் வர வேண்டும்; வீட்டில் கேட்க வேண்டும்; அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். மணமக்களின் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய்க்கு முகூர்த்த நாள் உறுதியாகும்வரை சொல்லிவைக்க முடியாது.

நான்காவது, பார்ப்பதிலேயே இருக்கும் நிறைவு. ஏஞ்சலின் குளோஸ், மோனிகா குகார்-கின்னி ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இணையக் கூடையைப் பலர் வாங்குவதற்காக மட்டுமின்றிப் பொழுதுபோக்காகவும், பிடித்தவற்றை ஒழுங்குபடுத்தி வைக்கவும் பயன்படுத்துவதைக் காட்டியது.

விற்பவருக்கு இந்தப் பட்டியல் ஓர் உளவு. எந்தப் பொருளுக்கு ஆசை இருக்கிறது, எந்த விலையில் தயக்கம் வருகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. ‘விலை குறைந்துள்ளது’, ‘இரண்டே மீதம்’ போன்ற அறிவிப்புகள் இதனால்தான் வருகின்றன. உண்மையான அறிவிப்பு பயன்தரும். பொய்யான அவசரத்தை உண்டாக்குவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடைசெய்கின்றன. அவற்றில் பட்டியலிடப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள் அதுவும் ஒன்று.

காத்திருப்பு எல்லாப் பொருளுக்கும் ஒத்துவராது. ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்யப்படும் கைப்பேசி தள்ளுபடிக் காலத்திலும் கிடைக்கும். கையால் நெய்த பாயில் அதே வண்ணமும் அதே வேலைப்பாடும் உள்ள இன்னொன்று கிடைக்குமென்ற உறுதி இல்லை. குறித்து வைத்தவருக்கு முன் வேறொருவர் பணம் செலுத்தினால் பாய் அவருக்கே போகும்.